பூஷே பா

என் தம்பி வடிவேலு பி.ஏ. பட்டம் வாங்கி வந்த அன்றே, கறுப்பு கவுன் போட்டுப் படம் எடுத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்று தெருவே சொல்லிவிட்டது. நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முழுக்க பஞ்சாலைக் குடும்பங்கள்தான். அதில் ஒருவன் பட்டதாரி என்றால் சும்மாவா? ஆனால் படத்தில் யார் நிற்பது என்பதில்தான் வினை வந்தது.

"அப்பா இடத்துல நான் நாற்காலியில உக்காருறேன். நீ பக்கத்துல நில்லு. உங்க அம்மா வேணாம். தாலியறுத்தவ நல்ல காரியத்துல நின்னா உனக்குத்தான் ஆவாது" என்றார் பெரியப்பா கன்னியப்பன். உழவர்கரையில் நிலம் நீச்சோடு இருப்பவர். அப்பா செத்த பிறகு எங்கள் வாசலை எட்டிப் பார்க்காதவர், பட்டம் என்றதும் சலவைச் சட்டையோடு வந்து நின்றார். நோகாமல் நுங்கு தின்கிற ஆள்!

அவனைப் படிக்க வைத்தது அம்மா அஞ்சலாட்சி, ஆலையில் நூல் சுற்றி. அவளோ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "அவரு சொல்றது சரிதாம்பா. நீங்க போய் எடுத்துக்குங்க, நான் வீட்லயே இருக்கறேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா இல்லன்னா படமே வேணாம்" என்று வடிவேலு ஒரே போடாகப் போட்டான். அதற்கப்புறம்தான் அவள் கிளம்பினாள்.

பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் கவுனும் தொப்பியும் அவர்களே வைத்திருந்தார்கள். படம் எடுப்பவர் லூர்துநாதன், பிரெஞ்சு வழக்கத்தில் எல்லாருக்கும் 'முசே'. சைகோனில் தொழில் கற்று வந்தவர். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போயும் அவர் வாயிலிருந்து பிரெஞ்சு போகவில்லை. பெரியப்பா நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்தார். வடிவேலு கவுனோடு பக்கத்தில் நின்றான். அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக ஒண்டினாள். நான் அவளை ஒட்டி நின்றேன்.

கேமராவுக்குப் பின்னால் குனிந்த லூர்துநாதன், "பூஷே பா!" என்று கத்தினார்.

"ஐயையோ!" அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் காதில் "போச்சேப்பா!" என்று விழுந்திருக்கிறது.

பெரியப்பாவுக்கும் அப்படித்தான் விழுந்தது போல. "பாத்தியா? தலப்பாடா அடிச்சிக்கினேன், கேட்டீங்களா? அந்த மனுசன் வாயிலயே வந்துடிச்சி!" என்று பிடித்துக்கொண்டார். அம்மா வாசலுக்கே ஓடிவிட்டாள்.

"அட கடவுளே! அசையாதீங்கன்னுதான் சொன்னேன். பிரெஞ்சுல அப்படித்தான் சொல்றது" என்று லூர்துநாதன் கையைப் பிசைந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, அவரு அசையாதன்றாரு, நீ என்னடான்னா தெருவுக்கே ஓடிட்ட!" என்று கேலி பேசிக்கொண்டே வெளியே போனேன். அம்மா சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க அப்பா போனதுலருந்து அந்த வார்த்தையத்தான்டி கேக்கறேன். ஊர்ல எவன் பயிரு காஞ்சாலும், மாடு செத்தாலும், 'இவ எதுர்ல வந்தா, போச்சி'ன்னாங்க. என் காதுல வேற என்னாடி வுழும்?"

சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது? திரும்பிப் பார்த்தால் வடிவேலு கவுனோடு பின்னால் நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். விறுவிறுவென்று உள்ளே போனான்.

"பெரியப்பா, எழுந்திரிங்க. அம்மா உக்காரட்டும்."

"டேய், பொம்பள உக்காந்து நான் நிக்கறதா?"

"நில்லுங்க. முடியலன்னா போங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். போகட்டும், சனியன் விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வடிவேலு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். நாற்காலிக்கு முன்னால் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். "வேணாம்பா. உனக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னா நான் என்னா பண்ணுவேன்?"

"ஒண்ணும் ஆவாதும்மா. ஆனாலும் ஆவட்டும். நீ உக்காரு."

அம்மா முதலில் நுனியில் உட்கார்ந்தாள். அப்புறம் மெல்ல முதுகைச் சாய்த்தாள். நானும் தம்பியும் இரண்டு பக்கமும் நின்றோம். இந்த முறை லூர்துநாதன், "அசையாதீங்கம்மா" என்று தமிழிலேயே சொன்னார். விளக்கு பளிச்சென்று அடித்து அணைந்தது.

"ஆச்சும்மா, எழுந்திரு" என்று தோளைத் தொட்டேன்.

அம்மா அசையவில்லை. போர்த்தியிருந்த தலைப்பு நழுவிக் கிடந்தது. அதை அவள் இழுத்துவிட்டுக்கொள்ளவும் இல்லை.

"இரு கமலா, இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்" என்றாள்.