தட்டில் மிச்சமிருந்தது

ஆபீஸ் கேன்டீனில் சமைக்கும் அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். சாப்பிட்டுவிட்டு வயிறு சரியில்லை என்று யாராவது வந்து நின்றால் சண்டைக்குப் போக மாட்டார். மறுநாள் எண்ணெயை மாற்றுவார், அதற்கடுத்த நாள் பருப்பை விட்டுவிட்டுச் செய்வார். இப்படி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். அதனால் வந்த தலைக்கனம்தான் அவரை வீட்டில் கவிழ்த்தது.

மனைவிக்கு வயிற்று வலி. சாப்பிட்டால் பிசைந்தது, சாப்பிடாவிட்டால் எரிந்தது, வேலைக்குப் போகச் செருப்பை மாட்டும்போது கழிவறைக்கு ஓட வைத்தது. அவள் தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். அடிக்கடி மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் கேட்பான், "என்னம்மா, அங்கேயே ஒரு மெஷின் போட்டுத் தரட்டுமா?" வரிசையே சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கடைசியில் வேலைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

சமையல்காரர் களத்தில் இறங்கினார். முதலில் மிளகாயை நிறுத்தினார், பிறகு பால், வெங்காயம், பருப்பு, கோதுமை, பழம். ஒன்றை நிறுத்தியதும் வலி கொஞ்சம் அடங்கும், மனிதருக்குத் தலைகால் புரியாது. அந்த வாரமே மறுபடி ஆரம்பிக்கும். அவளுக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை. தூக்கம் போனது. தங்கை போன் செய்தால் எடுப்பதில்லை, தலை வாருவதில்லை. வயிறு சரியானால் அதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது எனக்கு. ஆனால் அவ்வளவு அன்பாக வேறு யாரும் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் அவளிடம் சொன்னார்: "குடல்ல புண் இல்ல, கட்டி இல்ல. ஆனா உங்க வலி பொய் இல்லம்மா. மனசு ஒடிஞ்சா குடல் முறுக்கும். குடல் முறுக்கினா மனசு இன்னும் ஒடியும். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். மனநல டாக்டர் ஒருத்தருக்கு எழுதித் தரேன்."

"அவளுக்குப் பைத்தியமெல்லாம் இல்ல டாக்டர்" என்று சமையல்காரர் எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் மனைவியைத் தேற்றினார். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. உப்பு ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் நிறுத்திப் பார்த்துடலாம்."

அன்று சாயங்காலம் உப்பில்லாத கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

அவர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்துவதற்கு இனி அங்கே எதுவும் இல்லை.

"என்னங்க, எல்லாத்தையும் நிறுத்திப் பார்த்தாச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இனி நான் ஒருத்திதான் பாக்கி. என்னையும் நிறுத்திட்டா வலி நின்னுடும், இல்ல?"

அவர் அவள் அருகில் வந்து உட்கார்ந்தார். தட்டைத் தள்ளிவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்படிச் சொல்லாதேம்மா. போலாம். அந்த மனசு டாக்டர்கிட்டயே போலாம். நாளைக்குக் காலையில முதல் வேலையா..."

"போலாம்னு சொல்ல நானும் அங்க வாயெடுத்தேன்" என்றாள் அவள். "அதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க. இப்ப என்னால முடியலங்க."

அவர் வாய்விட்டு அழுதார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டிலோ யாரோ அழுவதைப் பார்ப்பதுபோல.