பெண்கள் பக்கத்துப் படுதா

எங்க வீட்டுக்காரருக்கு எதையும் முழுசாப் பாக்கப் பொறுக்காது. கல்யாணத்துலகூட சாப்பாட்டுப் பந்தியில பாயசம் வர்றதுக்குள்ள எந்திரிச்சிடுவார். பேரு பிச்சமுத்து. ரயிலைக் கண்டா பயம், ரயில் போயிடுமோன்னு அதைவிடப் பயம்.

முப்பத்தாறாம் வருஷம் மாசி மாசம், குளித்தலையிலேருந்து என்னைத் திருச்சி பாக்கக் கூட்டிட்டு வந்தார். காலையில ஸ்ரீரங்கம். பெருமாளை ஒரு கண்ணால பாத்தேன், தீர்த்தம் வாங்கக் கை நீட்டறதுக்குள்ள, "கிளம்பு, கூட்டம்". அம்மாமண்டபத்துல கால் நனைச்சேன், "கிளம்பு, வெயில்". மலைக்கோட்டையில தாயுமானவரோட சரி, உச்சிப் பிள்ளையாரைக் கீழேருந்தே கும்பிட்டாச்சு. எங்க போனாலும் அவர் முன்னாடி, நான் பின்னாடி ஓட்டம். செருப்பு வாரு அறுந்ததுதான் மிச்சம்.

நான் வாயைத் திறக்கலை. எனக்கு வேண்டியது ராத்திரி நாடகம் ஒண்ணுதான். போன வருஷம் இதே கம்பெனி இதே நாடகத்தோட கரூருக்கு வந்தப்ப பாதி பாத்தேன். வெள்ளத்துல மகளைப் பறிகொடுத்த ராணி ஊர் ஊராத் தேடி அலையறா, ஒரு ஓடக்காரர் வீட்டு வாசல்ல வந்து நிக்கறா. அங்கே இவர் கிளம்புன்னுட்டார். ஒரு வருஷமா அந்த ராணி என் மனசுல வாசல்லயே நின்னுட்டு இருக்கா. மக கிடைச்சாளான்னு இவரைக் கேட்டா, "கிடைச்சிருப்பா, நாடகம்தானே" என்கிறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

கொட்டகையில ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல படுதா. வாசலும் தனித்தனி. ஆம்பளைங்க பக்கத்துலேருந்து யாராவது தன் வீட்டு அம்மாவைக் கூப்பிடணும்னா, பொம்பளைங்க வாசல்ல டிக்கெட் கிழிக்கற ரங்கம்மாகிட்ட சொல்லணும். அவ உள்ளே வந்து புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா.

ராணி ஓடக்காரர் வாசலுக்கு வந்துட்டா. அப்பத்தான் ரங்கம்மா, "குளித்தலை பிச்சமுத்து சம்சாரம், உங்க வீட்டுக்காரர் கூப்பிடறாரு" என்றாள். நான் மேடையையே பாத்தேன். இங்கே என் மூஞ்சி யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நேரத்துல மறுபடியும் வந்தாள். "ரயிலுக்கு நேரமாச்சாம்." பக்கத்துல இருந்த அம்மா வெத்தலையை நீட்டி, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். "ஜீயபுரம்" என்றேன். வாய் கூசலை.

மூணாவது தடவை ரங்கம்மா குரல் மாறிப்போச்சு. "பிச்சமுத்து சம்சாரம் யாரும்மா? அவர் கிளம்பிட்டாராம். வந்தா வா, வராட்டி இருந்துக்கோங்கறாரு."

தெரியாத ஊர், மடியில ஒரு தம்பிடி கிடையாது. எந்திரிக்கலாம்னு கையை ஊனினேன். மேடையில கதவு திறந்துச்சு, ஒரு பொண்ணு விளக்கோட வந்து ராணியைப் பாத்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்டாள். நான் உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு அம்மான்னு கூப்பிடற வரைக்கும் அசையலை. கூப்பிட்டாள். நல்லா அழுதேன்.

வெளியே வந்தா ஜனம் கலைஞ்சுது, ஜட்கா எல்லாம் போச்சு. காஸ் லைட்டை அணைச்சிட்டாங்க. ஆம்பளைங்க வாசல் பக்கம் போனேன். தூணோரம் நின்னுட்டு இருந்தார். ரயில் போயிருந்துச்சு.

"கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"எல்லாத் தடவையுமா?"

"ஆமா."

துண்டைத் தோள்ல மாத்திப் போட்டுக்கிட்டார். "நான் கிளம்பிட்டேன்னு சொன்னேனே, அதுவுமா?"

"அதுவும்தாங்க."

காலை வண்டிக்காகக் கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்தோம். நான் அறுந்த செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் நடந்தேன். ஸ்டேஷன் வர்ற வரைக்கும் அவர் எனக்கு முன்னாடி போகலை.