நாற்பத்தொன்றாம் எண் கவுன்

சலவைக்கடையின் பின்னறையில் முப்பது வருடமாக இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவருக்கு நீராவி என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பெட்டி சீறுவதற்கு முன்னால் அவர் சீறுவார். மனிதர்களை அவர் நம்பியதில்லை. பார்த்த துணிகள் அப்படி.

“ஆளு என்ன வேணா பேசட்டும். சட்டையக் கழட்டிக் குடுக்கச் சொல்லு, அக்குளப் பாத்துட்டு நான் சொல்றேன் அவன் யாருன்னு” என்பார்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கழுத்துப்பட்டியின் உள்பக்கம் அழியாத மையால் எழுதியிருக்கும். முன்கடையில் துணி வாங்கி வைப்பது முதலாளியம்மா. நீராவிக்கு எண் தெரியும், முகம் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அத்தனை எண்களில் அவர் வாய் திறந்து குறை சொல்லாத எண் ஒன்றுதான். நாற்பத்தொன்று. மாதத்துக்கு இரண்டு மூன்று உருப்படி வரும், எல்லாம் கவுன். பொத்தான் ஒன்றுகூடத் தொங்காது. தையல் விட்ட இடத்தை அதே நிற நூலால் தைத்துத்தான் வந்திருக்கும். அந்த அம்மாளுக்கு நீராவி மனசுக்குள் ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தார். நல்ல உயரம், அகலத் தோள், அதிகம் பேசாத பிறவி. வீட்டுக்காரி போய்ப் பதினோரு வருடத்தில் அவர் மரியாதை வைத்திருந்த பொம்பளை அது ஒன்றுதான்.

அன்று மதியம் முதலாளியம்மா சாப்பிடப் போயிருந்தாள். எதிரே பேருந்து நிறுத்தத்தில் சத்தம். முதலில் சிரிப்பு, பிறகு விசில், பிறகு அடி விழுகிற சத்தம். நீராவி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். பத்திருபது பேர் ஓர் ஆளை நெட்டித் தள்ளிக்கொண்டு கடையை நோக்கி வந்தார்கள். நாற்பது வயது ஆண். உடம்பில் நீலக் கவுன், வெள்ளைக் கழுத்துப்பட்டி. தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. காற்று அதை இழுத்ததில்தான் குட்டு உடைந்திருக்கிறது.

“வழி விடுங்கப்பா, பொண்ணு வருது!”

“யம்மாடி, மீசைய வீட்ல வச்சிட்டு வந்துட்டியா?”

“சிரிக்காதீங்க. எம் மக பக்கத்துல உக்காந்திருந்தான் இந்த ஆளு” என்று ஓர் அம்மாள் கத்தினாள். “உக்காந்தானே தவிர ஒண்ணும் பண்ணலியேக்கா” என்று இன்னொருத்தி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

முன்னால் வந்தது பழக்கடைக்காரர். கழுத்துப்பட்டியை வெளியே புரட்டிப் பிடித்திருந்தார். “பெரியவரே, இது உங்க கடை நம்பரா பாருங்க.”

நீராவி பார்த்தார். அவர் கையாலேயே எழுதிய நாற்பத்தொன்று. போன வாரம் மடிப்பு வைத்துத் தேய்த்த அதே கவுன்.

“நம்ம நம்பர்தான். ஒரு அம்மாவோட துணி இது. நாலு வருசமா நான்தான் தேய்க்கிறேன்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “திருட்டுப் பய. எந்தக் கொடியில உருவினான்னு கேளுங்க.”

அந்த ஆள் அவரை நிமிர்ந்து பார்த்தான். அதுவரை கேலியாக இருந்த கூட்டத்துக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தயங்கி நின்றவனும் கையை ஓங்கினான். போலீஸ்காரர் வந்து வண்டியில் ஏற்றும்போது அந்த ஆளின் உதடு கிழிந்திருந்தது. கவுனும்தான்.

முதலாளியம்மா திரும்பி வந்ததும் நீராவி சொன்னார். “நாப்பத்தொண்ணு அம்மாவுக்குத் தகவல் சொல்லிடுங்க. அவங்க நீலக் கவுன எவனோ அடிச்சிட்டுப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். பிடிச்சுக் குடுத்தாச்சு.”

முதலாளியம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். “எந்த அம்மா?”

“நாப்பத்தொண்ணும்மா.”

“அங்க ஏது அம்மா? அது ஒரு தனிக்கட்டை. கட்டுப்பல் செய்ற இடத்துல வேலை. அவரேதான் கொண்டாந்து குடுப்பாரு, அவரேதான் வாங்கிட்டுப் போவாரு. யாருக்குன்னு நான் கேட்டதில்ல. அவர் சொன்னதும் இல்ல.”

நீராவி பின்னறைக்குப் போனார். கம்பியில் நாற்பத்தொன்றின் இரண்டு கவுன்கள் தொங்கின. தோளில் கை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் அகலம் தையல் பிரித்து விட்டிருந்தது. மார்புத் தையல் பிரித்துச் சமமாக்கியிருந்தது. நாலு வருடமாக இந்தக் கை அதன்மேல் பெட்டியை ஓட்டியிருக்கிறது. அக்குளைப் பார்த்து ஆளைச் சொல்கிறவருக்கு இது தெரியவில்லை. பெட்டியை அணைத்தார். மதியத்தில் அவர் அதை அணைத்து முதலாளியம்மா பார்த்ததே இல்லை.

காவல் நிலையத்தில் அந்த ஆள் பெஞ்சின் ஓரத்தில், கிழிந்த கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

“ஐயா, நான் சலவைக்கடை. மதியம் சொன்னது தப்பு. அவரு திருடல.”

“என்ன தாத்தா நீங்க! அவனே ஒத்துக்கிட்டான். மாடியில காஞ்சிக்கிட்டு இருந்துச்சாம், எடுத்தானாம். இன்னும் கையெழுத்துதான் பாக்கி.”

நீராவி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். திருடன் என்று பேர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறான். அந்தக் கவுன் என்னுடையது என்று மட்டும் சொல்ல மாட்டான். கையெழுத்து விழுந்தால் வழக்கு, வேலை போகும், அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் பேனாவைக் கையில் வாங்கினான்.

“கையெழுத்துப் போடாதீங்க தம்பி.”

“தாத்தா, அப்ப துணி யாருது? அதச் சொல்லுங்க.”

அந்த ஆள் நீராவியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். லேசாகத்தான். வேண்டாம் என்று.

நீராவி யோசித்தார். வாயை மூடினால் தான் சொன்ன தப்பு ஒருத்தனைச் சிறைக்கு அனுப்பும். திறந்தால் அவன் மறைப்பதை நாலு பேர் நடுவில் அவிழ்க்க வேண்டும். அவருக்கு நெளிவு சுளிவு தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

“கொண்டாந்து குடுக்குறவருதுதான் துணி. எங்க கடையில அவ்வளவுதான் கேப்போம். நாலு வருசமா கொண்டாந்து குடுக்குறவரு இவரு.”

அதிகாரியின் பேனா நின்றது. “இவனோடதா? இவன் போட்டுக்கவா?” சிரிப்பு கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். “டேய், இங்க வாங்கடா, நம்ம அக்காவப் பாருங்க.” அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டான். அத்தனை அடியிலும் மூடாத கண்.

அதிகாரி காகிதத்தைக் கசக்கினார். “போய்யா. இதுக்குன்னு சட்டம் ஒண்ணும் எங்கிட்ட இல்ல. போ.”

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. நீராவி தன் சட்டையைக் கழற்றி நீட்டினார். உள்ளே பனியன் ஓட்டையாக இருந்தது. அந்த ஆள் வாங்கவில்லை.

“மன்னிச்சிடுங்க தம்பி.”

“வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு இருந்தேன் பெரியவரே. ஒரு தடவ வெயில்ல நடந்து பாக்கணும்னு தோணுச்சு. ரெண்டு நிறுத்தம்தான்.” உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். “திருடன்னா ஆறு மாசத்துல மறந்துடுவாங்க. இத மறக்க மாட்டாங்க. எது தேவலைன்னு நான் முடிவு பண்ணியிருந்தேன். ரெண்டு தடவையும் நீங்க முடிவு பண்ணிட்டீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நீராவி பதிலுக்கு ஏதாவது சீறியிருப்பார். அவன் தெருவில் இறங்கி நடந்தான். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான். பத்தடி தள்ளி, பனியனோடு, கையில் சட்டையோடு நீராவி பின்னாலேயே போனார். “அது யாருப்பா, மாப்பிள்ளையா?” என்று ஒருவன் கேட்டான். “ஆமாடா, உனக்கென்ன?” என்றார். அந்த ஆள் பேருந்தில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஆறாம் நாள் அந்த இரண்டு கவுன்களையும் பழுப்புக் காகிதத்தில் உள்ளே என்ன என்று தெரியாதபடி கட்டி எடுத்துக்கொண்டு, முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கிய விலாசத்துக்குப் போனார். அறை பூட்டியிருந்தது. காலி பண்ணிப் போய் மூன்று நாள் ஆயிற்றாம். எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. “அமைதியான மனுசன். சுவத்துல எழுதிட்டாங்கல்ல, அப்புறம் எப்படி இருப்பாரு?” என்றாள். கதவுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த தடம் ஈரமாக இருந்தது. எழுத்து அதற்கு அடியிலும் தெரிந்தது. நீராவிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பாதி கூட்டியதும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் புது வாடிக்கையாளர் ஒருத்தர் வந்தார். முதலாளியம்மா உள்ளே குரல் கொடுத்தாள். “நாப்பத்தொண்ணு சும்மாதான கெடக்கு. அதையே போட்டுடுங்க.”

“சும்மா இல்ல. ரெண்டு உருப்படி நிக்கிது.”

“அந்த ஆளு இனிமே வரமாட்டாரு.”

நீராவி மைக்குச்சியை எடுத்துப் புதுச் சட்டையின் கழுத்தில் நூற்று ஏழு என்று எழுதினார். பிறகு கம்பிக்குப் போய், தூசி படியாமல் போர்த்தியிருந்த துணியை விலக்கி, அந்த இரண்டையும் மறுபடி ஒருமுறை தேய்க்க எடுத்தார்.