சங்குக்கு முன்னால்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததிலிருந்து அபிநயாவுக்குப் பொழுதைக் கழிப்பதே பெரும்பாடாக இருந்தது. போனில் டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடும். வாசல் தாண்டினால், "வெயில்ல எங்கடி போற? வூட்டுல கெட" என்று அம்மா சிந்தாமணி வள்ளென்று விழுவாள். அரியலூரில் கோடை விடுமுறை என்றால் ஃபேன் காற்றும் சுண்ணாம்புத் தூசியும்தான். பாழாய்ப்போன லீவு.

நாளெல்லாம் அவள் காத்திருந்தது ஒன்றுக்குத்தான். மதியத்தில் ஊருக்குப் பின்னாலிருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சங்கு ஊதும். அங்கே வேலை பார்க்கும் அப்பா அரியமுத்துவும் மற்றவர்களும் மேலே ஏறிவந்த பிறகு வெடி போடுவார்கள். வீடே அதிரும். சங்கு கேட்டதும் அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரை அலமாரி விளிம்பில் வைத்து, விழுமா விழாதா என்று பார்ப்பாள். ஒருநாளும் விழுந்ததில்லை. "இதெல்லாம் ஒரு வெடியா? தூ!" என்பாள்.

அன்று சலிப்புத் தாங்காமல் காலையிலேயே டம்ளரை வைத்துவிட்டாள். "இன்னிக்காவது பெருசா ஒண்ணு வெடிக்கணும், சாமி" என்று வேண்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வீடு குலுங்கியது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. டம்ளர் தெறித்து விழுந்து வாசல்வரை உருண்டது. அபிநயா கைதட்டிக் குதித்தாள்.

"அம்மா, விழுந்துடுச்சு!"

சிந்தாமணி கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏண்டி, சங்கு ஊதுச்சா?"

தட்டிய கைகள் அப்படியே நின்றன. அதற்குப் பிறகுதான் சங்கு ஊத ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.