அட்டை மனிதர்கள்

"ஆளை இன்னும் கொஞ்சம் சின்னதா வெட்டும்மா" என்றார் சீஃப்.

அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். யாரோ பணக்காரர் கட்டப்போகும் வீட்டின் மாதிரி என் முன்னால் மேஜையில் கூரையில்லாமல் இருந்தது. அதற்குள் நிறுத்துவதற்கு வெள்ளை அட்டையில் மனிதர்களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று அளந்து, ஒவ்வொருவரையும் கதவுப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் வெட்டியிருந்தேன்.

"சார், ஸ்கேல்படி இதான் சரியா வருது."

"சரிதாம்மா, யாரு இல்லேன்னா? ஆள் சின்னதா இருந்தா ஹால் பெரிசாத் தெரியும். நாளைக்கு வீட்டுக்காரங்க பார்க்க வர்றாங்க." காலையிலிருந்து வெட்டியதையெல்லாம் புறங்கையால் தள்ளிவிட்டுப் போனார். பாதி குப்பைக்கூடையில் விழுந்தது.

நான் அங்கே அன்று ஒரு நாள் வேலை செய்துபார்க்க வந்திருந்தேன். அவர்களுக்குப் பிடித்துப்போனால் ஆறு மாதப் பயிற்சி. சம்பளம் கிடையாது. எங்காவது ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால்தான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்துக்குள் விடுவார்கள். கிடங்குகளுக்கு வரைபடம் போடும் ஒரு சின்ன நிறுவனம் என்னைச் சம்பளத்துக்கே கூப்பிட்டிருந்தது. அங்கே தூணும் குழாயும் தவிர ஒன்றும் கிடையாது. சீஃப்பிடம் இருந்தவர்களுக்கோ எந்த அலுவலகத்திலும் கதவு திறக்கும் என்று எங்கள் துறையில் சொல்லாத ஆளில்லை. திறக்கட்டும். அதுவரை வாசலில் நிற்பவள் எதைச் சாப்பிடுவாள் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

சின்னதாக வெட்டினேன். அதுதான் எனக்கே ஆத்திரம். வாயை மூடிக்கொண்டு, நல்ல பிள்ளையாக, எல்லாரையும் ஒரு சுற்று குறைத்து வெட்டினேன்.

அடுத்த மேஜையில் இருந்தவன் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை என் பக்கம் தள்ளினான். உள்ளே நூற்றுக்கணக்கில் அட்டை மனிதர்கள். "பத்தலேன்னா இதுல எடுத்துக்கோ. எல்லாம் முன்னாடி இருந்த டிரெய்னிங் ஆளுங்க வெட்டினது" என்றான். இவனும் பயிற்சிக்கு வந்தவன்தான். இரண்டாவது வருடமாக வந்துகொண்டே இருப்பதால் அவனுக்கு அங்கே 'தாத்தா' என்று பெயர்.

"சம்பளமில்லாம எப்படி சமாளிக்கிற?"

"அப்பா குடுக்கறாரு" என்றான். சொல்லிவிட்டு என் காலணியைப் பார்த்தான். நல்ல பையன். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் சீஃப் கிளம்பும்போது, "வேலை சுத்தமா இருக்கு. நாளைலேருந்து வந்துடு. இங்க நாங்கெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி" என்றார். யோசித்துக் காலையில் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்.

குடும்பம் என்றால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வரைபலகை வைக்க இடம் வேண்டுமென்று அண்ணன் கட்டிலை விற்றுவிட்டு, இரண்டு வருடமாகக் காலை மடக்கி சோபாவில் தூங்குகிறான். ஓட்டல்களின் அழுக்கு விரிப்புகளை ஏற்றிப்போகும் சலவை வேன் ஓட்டுகிறான். ஞாயிறு மட்டும்தான் அவன் குளித்து, சட்டை மாற்றி, மனிதனாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்க்க முடியும். இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொன்னபோது, "நீ போ, நான் பார்த்துக்கறேன். ஞாயித்துக்கிழமையும் ஒரு ரவுண்டு இருக்கு" என்றான். சீஃப் ஏன் எனக்குச் சம்பளம் தராமல் இருக்க முடிகிறது? என் அண்ணன் தருவதால். அவரிடம் வேலை பார்க்கப்போவது நான், கூலி கொடுக்கப்போவது சலவை வேன்.

என்னை அழைத்துப்போக வந்த அண்ணன் மேலேயே ஏறி வந்துவிட்டான். சட்டையில் ஈரத்துணி வாடை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாதிரி வீட்டுக்குள் குனிந்து பார்த்தான்.

"யப்பா. என்னா பெரிய ஹாலு. நம்ம வேனையே உள்ள விட்டுத் திருப்பலாம் போலருக்கே" என்றான். குரலில் பெருமை. ஏதோ அந்த வீட்டையே நான் கட்டிவிட்டதுபோல. பிறகு, "வேன் ஓனர் போன் பண்ணாரு. ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்னு சொல்லிடட்டா?" என்றான்.

அவனும் ஏமாந்துவிட்டானே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை. குப்பைக்கூடையில் கையைவிட்டு, காலையில் வெட்டியதில் ஒருவனை எடுத்தேன். கூடத்தின் நடுவில் இருந்த சின்ன ஆட்களுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினேன். கூடம் சட்டென்று ஒரு சாதாரண அறையாகிவிட்டது. சின்னவர்கள் அவன் மார்புக்கு வந்தார்கள்.

"இது யாரு, இவ்ளோ ஒசரமா?"

"நீதான்" என்றேன். "அளவுப்படி வெட்டினா நீ இவ்ளோ ஒசரம். உன்னையக் கம்மி பண்ணித்தான் அந்த ஹால் பெரிசாச்சு."

தாத்தா எங்களைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவின் மூடியை மெதுவாக மூடினான்.

"ஓனர்கிட்ட வர்றேன்னு சொல்லாத" என்றேன்.

"கிறுக்கு மாதிரிப் பேசாத. இந்த எடம் திரும்பக் கெடைக்குமா?"

கிடைக்காது. அது எனக்கும் தெரியும். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

வேனில் ஏறியபிறகுதான் பார்த்தேன். அந்த அட்டை மனிதனை அண்ணன் கையோடு எடுத்து வந்திருந்தான். முன்கண்ணாடிக்குக் கீழே சாய்த்து நிறுத்தினான். வண்டி கிளம்பியதும் அது சரிந்தது. திரும்ப நிறுத்தினான். அவன் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. ஓனராகத்தான் இருக்கும். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. மறு கையின் விரலால் அட்டை மனிதனை விழாமல் பிடித்துக்கொண்டு, போனை அடிக்கவிட்டபடியே அண்ணன் ஓட்டினான்.