மஞ்சள் வைத்த கையுறை

எங்கள் வீட்டில் புதுத் துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி தட்டில் வைத்து, நல்ல நாளில்தான் எடுத்து உடுத்த வேண்டும். தீபாவளிச் சட்டைக்கும் அதுதான், பள்ளிக்கூடக் காலுறைக்கும் அதுதான். பனிமலை ஏற வாங்கிய கையுறைக்கும் அம்மா அதையே செய்வாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அந்தப் புத்தி இருந்திருந்தால் இன்று இப்படி ஏன் பொருமிக்கொண்டிருக்கப் போகிறேன்.

எனக்கும் அண்ணன் முகுந்தனுக்கும் சுங்கை காடுட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை, ஷிப்டுதான் வேறு. லீவு நாளில் அம்பாங்கானில் ஒரு பழைய கிடங்குக்குள் இருக்கும் ஏறுசுவருக்குச் சேர்ந்து போவோம். மற்றவர்கள் வெறுங்கையால் ஏறுவார்கள். நாங்கள் இரண்டு கையிலும் ஐஸ் கோடாரி பிடித்து, அதன் மூக்கைக் கல் விளிம்பில் மாட்டி மாட்டி ஏறுவோம். ஐஸ் பெட்டியைத் தவிர வேறெங்கும் பனி பார்க்காத நமக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்கள் ஊர் புக்கிட் பெலண்டோக்கில் எங்களைக் கேட்காத ஆள் இல்லை. கோலாலம்பூரில் நடக்கும் தேர்வில் முதலாவதாக வருபவர், ஆணோ பெண்ணோ, கொரியாவுக்குப் போய் பனியும் பாறையும் கலந்த மலையில் ஒரு மாதம் ஏறலாம். ஒரே ஓர் இடம். அதற்காக மூன்று வருடம் கை காய்த்துக் கிடந்தேன்.

கையுறை தேர்ந்தெடுத்தது நான்தான். எனக்கும் சேர்த்து நீயே பார் என்று அண்ணன் ஒதுங்கிக்கொண்டான். சுவருக்கு ஒரு வகை, மலைக்கு ஒரு வகை. சுவரில் குளிர் கிடையாது. மெலிசாக, விரலோடு ஒட்டி, உள்ளங்கையில் தோல் வைத்திருந்தால் போதும். கொஞ்சம் தொளதொளத்தாலும் கோடாரி கைக்குள் சுழன்றுவிடும். மலைக்கு உள்ளே கம்பளி வேண்டும், ஆனால் கயிற்றுக் கொக்கியைத் திறந்து மூடும் அளவுக்கு விரலும் மடங்க வேண்டும். ஏறுசுவரில் மாதிரிக்கு வைத்திருந்த மலைக் கையுறையில் மூன்று வகையை இரவல் வாங்கிக்கொண்டு லுக்குட் பாசாருக்குப் போனேன். மீன் விற்கும் மீரா சாஹிப் பாயின் ஐஸ் பெட்டிக்குள், கெம்போங் மீனுக்கு நடுவில், ஒவ்வொன்றையும் மாட்டி இருபது நிமிடம் கையை விட்டுப் பார்த்தேன். பாய் தன் பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மீன் வாங்க வந்தவர்கள்தான் எனக்குக் கிறுக்கு என்று முடிவு கட்டினார்கள். இரண்டு வகையில் விரல் மரத்துப்போனது. மூன்றாவதை வாங்கினேன். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு கை. சுவருக்கு இரண்டு ஜோடி, மலைக்கு இரண்டு ஜோடி.

நான்கு ஜோடியையும் அம்மா என் கையிலிருந்து வாங்கி, மணிக்கட்டுப் பட்டையில் மஞ்சள் வைத்தாள். சுவர்க் கையுறையைத் தேர்வு நாளில் எடுக்க வேண்டும், மலைக் கையுறையைப் பயணம் புறப்படும் நாளில் எடுக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றாள். புதுத் தோல் விறைப்பாக இருக்கும், போட்டுப் பழகினால்தான் பிடி கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சாமி பார்த்துக்கொள்ளும் என்றாள்.

ஒரு சனிக்கிழமை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து என் சுவர்க் கையுறையை எடுத்தேன். திரும்பினால் அண்ணன் நிற்கிறான்.

"வச்சிரு ஷாமினி. நம்ம நல்லதுக்குத்தான செய்றாங்க. அம்மா மனசு நோகும்லா."

வெட்கமாகிவிட்டது. வைத்துவிட்டேன். அம்மாமேல் என்னைவிட அவனுக்குத்தான் பாசம் என்றுகூட நினைத்தேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கிழிந்த பழைய கையுறையை ஒட்டுப்போட்டுப் பழகினேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அதுவும் பிய்ந்துபோனது. தேர்வன்று காலை அம்மா சூடம் காட்டி ஆளுக்கொரு ஜோடியைக் கையில் கொடுத்தாள். எங்களோடு அவளும் வந்தாள்.

நான் முதலில் ஏறினேன். எட்டாவது பிடி வரை தடுமாற்றமில்லை. ஒன்பதாவதில் ஒற்றைக் கையில் தொங்கி மறு கோடாரியை வீச வேண்டும். தோல் மடங்க மறுத்தது. உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு மடிப்பு விறைத்து நின்றது. கோடாரி சுழன்று, மூக்கு நழுவி, நான் விழுந்து கயிற்றில் தொங்கினேன். மூன்று வருடம் அத்தோடு முடிந்தது.

கீழே வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். பட்டையில் மஞ்சள் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளங்கைத் தோல் கறுத்து, விரல் மடிப்புகளில் கோடு விழுந்து, கோடாரிப் பிடி பதிந்த தடம்கூடத் தெரிந்தது. முஷ்டியை மடக்கினான். பழந்துணிபோல மடங்கியது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான். எழுந்துபோய் உச்சிவரை ஏறி முதலாவதாகவும் வந்துவிட்டான்.

வண்டி நிறுத்துமிடத்தில், அம்மா வந்து சேர்வதற்குள் கேட்டேன். மறைக்கவில்லை. செவ்வாய் வெள்ளியில் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், நான் மாலை ஷிப்டில் இருப்பேன். ஐந்து வாரமாக எடுத்துப் பழகிவிட்டு, எடுத்த மாதிரியே திருப்பி வைத்திருக்கிறான்.

"நீயும் எடுத்திருக்கலாம். யாரு ஒன் கையப் புடிச்சா?"

"நீதாண்ணே."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். ஆம்பிளைப் பிள்ளை, அவசரம், அதுதான் ஜெயித்துவிட்டானே என்றாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணன் பையை அடுக்கிக்கொண்டிருந்தான். மலையில் ஒரு ஜோடி நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி கட்டாயம் வேண்டும். இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

"ஒன்னோடதக் குடு. சும்மாதான கெடக்கு."

இந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"சாமிகிட்ட இருக்குண்ணே. நான் போற அன்னிக்குத்தான் எடுக்கணும். அம்மா மனசு நோகும்."

அவன் முகம் சுருங்கியது. அதை நான் முழுதாகப் பார்த்துத் தீர்ப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். சாமி தட்டிலிருந்து என் ஜோடியை எடுத்தாள்.

"குளிர்ல போறான்டி அவன். சாமி ஒண்ணும் நெனச்சுக்காது."

கட்டைவிரலால் பட்டையைத் தேய்த்தாள். மஞ்சள் முழுதும் போகவில்லை. விரலில் எச்சில் தொட்டு இன்னொரு முறை தேய்த்துவிட்டு, அவன் பைக்குள் வைத்தாள்.