ஒரே அளவுப் பெஞ்சு

தலைநகரிலிருந்து எங்கள் பள்ளிக்குப் புதுப் பெஞ்சுகள் வந்து இறங்கின. நாடு முழுக்க எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுதான், மாற்றக் கூடாது என்பது கல்வித் துறையின் உத்தரவு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. கால்கள் அந்தரத்தில் ஆடின. மதியத்துக்குள் இரண்டு பேர் விழுந்து, ஒருத்திக்கு உதடு கிழிந்துவிட்டது. தலைமையாசிரியைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தச்சு வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டு, அந்த வகுப்புப் பெஞ்சுக் கால்களை ஒரு சாண் அறுக்கச் சொன்னேன்.

"அக்கா, இது கவர்மென்ட் சொத்து. உன் வேலை போயிடும்."

"போனா உன் வீட்ல வந்து உக்காந்து சாப்பிடறேன்."

பெண்டாட்டியை நினைத்துக்கொண்டானோ என்னவோ, தயங்கித் தயங்கித்தான் ரம்பத்தை எடுத்தான்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே தலைநகர அதிகாரி வந்து நின்றார். என் தோளுக்குக்கூட வரமாட்டார். குரல் மட்டும் கூரையை முட்டியது.

"யாரக் கேட்டு அறுத்தீங்க? சராசரி மாணவனோட உயரத்த வச்சுப் போட்ட அளவு இது!"

"அந்தச் சராசரி மாணவன் இங்க படிக்கலைங்க. உங்க பக்கம் இருந்தா அனுப்புங்க, சேத்துக்கறோம்."

அறுத்த கால்களை இழைத்துக் கொடுக்க வந்திருந்த தம்பி என் முழங்கையைக் கிள்ளினான். அதிகாரி சிரிக்கவில்லை. என்னை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார். ரம்பப் பல் உடைந்ததால் தப்பியிருந்த ஒரே ஒரு பெஞ்சைத் தேடிப்பிடித்து, "இதுதான் விதிப்படி இருக்கு" என்று அதில் ஏறி உட்கார்ந்தார். பதினெட்டு வருஷ வேலை! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் காலும் தரைக்கு எட்டவில்லை. எழுத எழுத இப்படியும் அப்படியும் நெளிந்தார். முடித்து இறங்கியபோது கால் மரத்துப்போய், தொப்பென்று தம்பி மேலேயே சாய்ந்தார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அளவ மாத்த எனக்கே அதிகாரம் இல்லம்மா. ஆனா ஒடைஞ்சத ரிப்பேர் பண்றது உள்ளூர்ப் பொறுப்பு. அதுல நாங்க தலையிடறதில்ல. பெஞ்சு ஒடைஞ்சுதா?"

"ஒடைஞ்சுதுங்க சார்."

"அதெப்படி எல்லாமே ஒரே அளவா ஒடையும்?"

"நாடு பூரா ஒரே அளவுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க? மீற முடியுமா?"

எழுதியதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நொண்டிக்கொண்டே கதவு வரை போனவர், தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் திரும்பி முறைத்தார்.

"இதுவும் ஒடையற மாதிரிதான் இருக்கு" என்றார்.